மீதி வைக்காத எண்கள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டுத்தறிக்கு முன் நின்று அண்ணாந்து பார்த்தால், பாவுக்கு மேலே ஜக்கார்டு பெட்டி தெரியும். துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு அதன் பக்கத்தில் தொங்கும். பெட்டியில் எத்தனை கொக்கி என்று கேட்டால் 120 என்பார்கள், இல்லையென்றால் 240 என்பார்கள். நூறு என்றோ இருநூற்றைம்பது என்றோ பதில் வருவதில்லை.

நமக்குக் கைவிரல் பத்து. ரூபாய்க்கு நூறு காசு, கிலோவுக்கு ஆயிரம் கிராம் என்று பத்தை வைத்தே கணக்குப் பார்க்கிறோம். அப்படியிருக்க மணிக்கு 60 நிமிடம், நாளுக்கு 24 மணி, பழைய கணக்கில் நாளுக்கு 60 நாழிகை, வட்டத்துக்கு 360 பாகை, தமிழ் ஆண்டுச் சுற்றில் 60 பெயர், டஜனுக்கு 12 என்று இந்த எண்கள் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்து நிற்கின்றன?

தறி வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒவ்வொரு ஊடை இழைக்கும் ஓர் அட்டை. நெசவாளர் மிதியை அழுத்தியதும் ஓர் அட்டை ஊசிகளின் முன்னால் வந்து நிற்கிறது. துளை உள்ள இடத்தில் ஊசி நகராமல் இருக்கும்; அதோடு சேர்ந்த கொக்கி மேலே போகும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும். கொக்கி எழாமல் நின்றுவிடும். எழுந்த கொக்கியில் கட்டியிருக்கும் நூல்கள் தம் பாவிழைகளைத் தூக்க, இடையில் உண்டாகும் வழியில் நாடா ஓடுகிறது. அட்டை மாற மாற, இழை இழையாக ஓர் அன்னமோ யாளியோ கரையில் வளர்கிறது.

ஓர் அன்னம் 60 இழை அகலம் என்று வைத்துக்கொள்வோம். 240 கொக்கியில் சரியாக நான்கு அன்னம் நிற்கும். யானை 80 இழை என்றால் மூன்று. மாங்காய் 48 இழை என்றால் ஐந்து. ருத்ராட்சம் 12 இழை என்றால் இருபது. எதிலும் மீதி இல்லை. இதே கொக்கிகள் 250 இருந்தால் நான்கு அன்னம் போக பத்து இழை அநாதையாக நிற்கும். அந்தப் பத்தில் அன்னத்தின் கழுத்தைக்கூட நெய்ய முடியாது. பெட்டிக்குள் கொக்கிகளை வரிசை வரிசையாக நிறுத்துவதால் வந்த எண்தான் 240. ஆனால் வடிவம் போடுகிறவருக்கு அது கொடுக்கும் சுதந்திரம் பெரிது.

இந்தச் சுதந்திரத்தை எண்ணிப் பார்க்கலாம். ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்ணைக் காரணி என்று பள்ளிப் புத்தகம் சொல்கிறது. 250-க்குக் காரணிகள் எட்டுத்தான்: 1, 2, 5, 10, 25, 50, 125, 250. 240-க்கு 20 காரணிகள். அளவில் சிறிய எண், வகுபடுவதில் இரண்டரை மடங்கு தாராளம்.

பழைய துணி வணிகத்தில் பாவிழைகளை எண்ணப் புஞ்சம் என்ற அளவு இருந்தது. ஒரு புஞ்சத்துக்கு 120 இழை. புஞ்சம் ஏற ஏறத் துணி நெருக்கமாகும், விலையும் ஏறும். சோழமண்டலக் கரையில் ஐரோப்பியக் கம்பெனிகள் துணி வாங்கிய காலத்தில் தரத்தைப் புஞ்சத்தால் சொன்னார்கள். 120-க்கு 16 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது.

வழக்கத்தில் இருக்கும் எல்லா எண்ணுக்கும் இந்தக் காரணத்தைக் கற்பிக்கக் கூடாது. 2019-இல் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் தரிசனம் தந்தது 48 நாள், ஒரு மண்டலம். 27 நட்சத்திரம், 12 ராசி, 9 கிரகம் சேர்ந்து 48 என்று பெரியவர்கள் கூட்டிக் காட்டுவார்கள். வகுத்தலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தமிழின் பழைய பின்னக் கணக்கோ நேர்மாறான உதாரணம். அதன் அடிப்படை முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கு. 320-க்குக் காரணிகள் 14-தான், 240-ஐவிடக் குறைவு. அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாகவும், ஐந்தாகவும் பிரித்துப் பழகிய கணக்கு அது. மூன்றில் ஒரு பங்கை முந்திரியால் அளந்தால் கடைசியில் மீதி நிற்கும்.

சரி, ஓர் எண்ணுக்கு எத்தனை காரணி என்பதை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டுமா? வேண்டியதில்லை. எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாகப் பிரிக்கலாம். அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான் பிரிக்க முடியும். 5040 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 42 புஞ்சம் பாவு வைத்தால் வரும் இழைகள் அத்தனை. அதைப் பிரித்தால் நான்கு இரண்டுகள், இரண்டு மூன்றுகள், ஓர் ஐந்து, ஓர் ஏழு கிடைக்கும். இவற்றைப் பெருக்கினால் 5040. இதன் எந்தக் காரணியும் இந்தச் சரக்கிலிருந்தே செய்யப்பட வேண்டும்; வேறு பகா எண் உள்ளே நுழைய வழியில்லை.

கடையில் சேலைக்கு ஆர்டர் கொடுப்பதைப் போன்றதுதான் இது. உடல் நிறத்துக்கு 5 தேர்வு, கரைக்கு 3, முந்திக்கு 2, ஜரிகைக்கு 2 என்றால் மொத்தம் 60 விதமான சேலைகள் சாத்தியம். காரணியிலும் அப்படியே. இரண்டுகளில் ஒன்றும் எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எடுக்கலாம்: 5 தேர்வு. மூன்றுகளில் 3 தேர்வு. ஐந்தை எடுக்கலாம் அல்லது விடலாம், ஏழும் அப்படியே. ஆக, ஒரு வகுத்தலும் செய்யாமல் சொல்லிவிடலாம்: 5040-க்கு 60 காரணிகள்.

இப்போது அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். ஓர் இழை குறைந்தால் 5039. அது பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர எதனாலும் வகுபடாது. ஓர் இழை கூடினால் 5041. அது 71-ஐ 71-ஆல் பெருக்கினால் வருவது. அதற்குக் காரணிகள் மூன்றே: 1, 71, 5041. இரண்டு, அறுபது, மூன்று. அடுத்தடுத்து நிற்கும் மூன்று எண்களின் சுபாவம் இவ்வளவு வேறுபடுகிறது. 5039 இழைப் பாவில் எந்தப் புட்டாவும் சமமாக அமராது. எண் பெரிதா சிறிதா என்பது ஒரு செய்தி. அது எப்படிப் பிளக்கும் என்பது முற்றிலும் வேறு செய்தி. ஒன்றிலிருந்து மற்றதை ஊகிக்க முடியாது என்பதுதான் எண்ணியலின் வசீகரம் என்று நான் நினைக்கிறேன்.

5040-இன் குணத்தைக் கண்டுகொண்ட முதல் ஆட்கள் நாமல்ல. கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோ, தம் ‘சட்டங்கள்’ நூலில் ஓர் இலட்சிய நகரத்துக்கு 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்றார். நிலத்தைப் பங்கிடவும், போருக்கும் வரிக்கும் ஆட்களைக் குழுக்களாகப் பிரிக்கவும் அது வசதி. தன்னைத் தவிர 59 எண்களால் அது வகுபடும் என்று சரியாகக் கணக்கிட்டிருந்தார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள எண்களில் 11-ஆல் மட்டும் வகுபடவில்லையே என்ற குறையையும் அவர் கவனித்தார். இரண்டு குடும்பங்களை ஒதுக்கிவைத்தால் தீர்ந்தது என்றார். 5038-ஐ 11-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 458 வரும்.

இந்த இடத்தில் ஒரு வாட்ஸப் செய்தியையும் தீர்த்துவிடுவது நல்லது. 2520 ஒரு விசித்திர எண், ஒன்றிலிருந்து பத்து வரை எல்லா எண்ணாலும் வகுபடும் ஒரே எண் அதுதான், வாரத்தின் 7 நாளையும் மாதத்தின் 30 நாளையும் ஆண்டின் 12 மாதத்தையும் பெருக்கினால் அது வருகிறது, ராமானுஜன் இந்த மர்மத்தை உடைத்தார் என்றெல்லாம் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒன்றிலிருந்து பத்து வரை வகுபடும் எண்களில் 2520 மிகச் சிறியது என்பது உண்மை. ஒரே எண் என்பது தவறு. 5040, 7560 என்று அதன் மடங்குகள் அனைத்தும் வகுபடும். இதில் மர்மம் ஏதுமில்லை. ராமானுஜன் உண்மையில் செய்தது இதைவிடப் பல மடங்கு ஆழமானது. அதை விட்டுவிட்டு இல்லாத மர்மத்தை அவர் தலையில் கட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஸ்ரீநிவாச ராமானுஜனுக்குக் காஞ்சிபுரத்தோடு உறவு உண்டு. 1887-இல் ஈரோட்டில் பிறந்தவர், கும்பகோணத்தில் வளர்ந்தவர் என்பதை எல்லோரும் அறிவோம். அவருடைய தாய்வழிப் பாட்டனார் காஞ்சிபுரத்தில் நீதிமன்ற ஊழியராக இருந்தார். இரண்டு வயதில் பெரியம்மையிலிருந்து பிழைத்த ராமானுஜனை அம்மா கோமளத்தம்மாள் இங்கேதான் அழைத்து வந்தார். பாட்டனாருக்கு வேலை போனபின் குடும்பம் கும்பகோணத்துக்கே திரும்பியது. அப்பா சீனிவாச ஐயங்கார் அங்கே ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர்.

1914-இல் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போன ராமானுஜன், மறு ஆண்டே லண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் ஒரு நீண்ட கட்டுரையை அச்சிட்டார். அதன் பொருள் நாம் இதுவரை பேசிவந்த எண்கள்தான். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகமான காரணிகள் உடைய எண்ணுக்கு அவர் ஒரு பெயர் வைத்தார். அதை மிகுபகு எண் என்று தமிழில் சொல்லலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040 என்று அந்த வரிசை போகிறது. கடிகாரமும் வட்டமும் ஜக்கார்டும் புஞ்சமும் இதில் வந்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். 100 இதில் இல்லை. அதற்கு 9 காரணிகள், ஆனால் 60-க்கே 12 உண்டு.

இந்த வரிசைக்கு முடிவு உண்டா? இல்லை என்று இரண்டு வரியில் நிறுவலாம். ஏதோ ஒரு மிகுபகு எண்ணை இரட்டிப்பாக்குங்கள். பழைய எண்ணின் காரணிகள் எல்லாம் புதிய எண்ணுக்கும் காரணிகளே. போதாததற்குப் புதிய எண்ணும் தனக்குத் தானே காரணி. ஆக, காரணி எண்ணிக்கை கூடியே தீரும். எனவே அடுத்த மிகுபகு எண் அந்த இரட்டிப்புக்குள் எங்காவது வந்தாக வேண்டும். இப்படியே முடிவில்லாமல் போகலாம். பெரிய எண்களுக்குப் போகப் போக இந்த இடைவெளி விகிதத்தில் இன்னும் சுருங்கி, அடுத்தடுத்த இரு மிகுபகு எண்களின் விகிதம் ஒன்றை நெருங்கும் என்று ராமானுஜன் நிறுவினார்.

அவற்றின் உள்ளமைப்பும் தாறுமாறானது அல்ல. உதாரணமாக 324-ஐப் பிரித்தால் இரண்டு இரண்டுகளும் நான்கு மூன்றுகளும் கிடைக்கும்; காரணிகள் 15. அந்த எண்ணிக்கைகளை இடம் மாற்றி, நான்கு இரண்டுகளும் இரண்டு மூன்றுகளும் வைத்தால் 144. அதற்கும் 15 காரணிகள், ஆனால் எண் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆக 324 மிகுபகு எண்ணாக இருக்கவே முடியாது. இந்த இடமாற்ற வாதத்தை எந்த எண்ணுக்கும் பயன்படுத்தலாம். மிகுபகு எண்ணில் இரண்டுகளைவிட மூன்றுகள் அதிகமாக இருக்காது, மூன்றுகளைவிட ஐந்துகள் அதிகமாக இருக்காது. நடுவில் எந்தப் பகா எண்ணும் விடுபட்டிருக்காது. படிக்கட்டாக இறங்கிக்கொண்டே வரும். கடைசிப் படியில் நிற்கும் பகா எண் ஒரே முறைதான் வரும். இதற்கு விதிவிலக்கு 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டுமே. இதுவும் ராமானுஜன் நிறுவியது.

படிக்கட்டு சரியாக இருந்தால் மட்டும் போதாது. 30-ஐப் பாருங்கள்: ஓர் இரண்டு, ஒரு மூன்று, ஓர் ஐந்து. அமைப்பு அழகாக இருக்கிறது, காரணிகள் எட்டு. ஆனால் 24-க்கே எட்டு வந்துவிட்டதே. தகுதியுள்ளவர்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவரையும் முந்தையவர்களோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். ராமானுஜன் அதைக் கையால் செய்தார். கணினி இல்லாத காலத்தில், 2-இல் தொடங்கி 6746328388800 வரை, 102 மிகுபகு எண்களைப் பட்டியலிட்டார். அந்தக் கடைசி எண் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதற்கு 10,080 காரணிகள்.

பின்னாளில் சரிபார்த்தவர்கள் அந்தப் பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். அது 293318625600, வார்த்தையில், 29 ஆயிரத்து 331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ள வேலை. ஆறு இரண்டுகள், நான்கு மூன்றுகள், இரண்டு ஐந்துகள், இரண்டு ஏழுகள், பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. படிக்கட்டு கச்சிதம். தேர்வுகளைப் பெருக்குவோம்: 7, 5, 3, 3, அப்புறம் நான்கு இரண்டுகள். 7-ஐ 5-ஆல் பெருக்க 35. இரண்டு மூன்றுகளால் பெருக்க 315. நான்கு இரண்டுகளால் பெருக்க 5040.

ஆம், அதே 5040. விடுபட்ட எண்ணின் காரணிகளை எண்ணினால், பிளேட்டோவின் குடும்பங்களும் நம் 42 புஞ்சமும் வந்து நிற்கின்றன. 5040-க்கு 60 காரணிகள், 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4, 4-க்கு 3, 3-க்கு 2. இந்தச் சங்கிலியில் 3-ஐத் தவிர எல்லாமே மிகுபகு எண்கள். இன்னொரு செய்தி: விடுபட்ட எண்ணோடு, படிக்கட்டின் அடுத்த பகா எண்ணான 23-ஐப் பெருக்கினால் வருவது 6746328388800, ராமானுஜன் பட்டியலின் கடைசி எண். அதாவது கடைசி எண்ணுக்குள்ளேயே விடுபட்ட எண் முழுசாக இருக்கிறது. நூறைத் தாண்டிய பட்டியலில், பன்னிரண்டு இலக்க எண்களுக்கு நடுவே, கையால் கணக்கிட்டவர் தவறவிட்டது ஒன்றே ஒன்று என்பது என்னைப் பொறுத்தவரை வியப்புக்குரியது. இன்று ஜெர்மனியின் ஆக்கிம் ஃபிளாமென்காம்ப் கணினியில் 7,79,674 மிகுபகு எண்களைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

5,040 காரணிகள் என்பது எவ்வளவு அசாதாரணம் என்று அளக்கவும் ஒரு வழி உண்டு. எண்களுக்குச் சராசரியாக எத்தனை காரணி இருக்கும் என்பதை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கணித மேதை டிரிக்லே கண்டறிந்தார். சராசரி மிக மெதுவாகத்தான் கூடுகிறது. 5040-இன் அக்கம்பக்கத்தில் ஓர் எண்ணுக்குச் சராசரி பத்துக்குச் சற்றுக் குறைவான காரணிகள். 29 ஆயிரம் கோடிப் பக்கம் போனாலும் சராசரி சுமார் 28-தான். அந்த ஊரில் 5,040 காரணிகளோடு ஓர் எண் வாழ்கிறது.

5041-ஐயும் ராமானுஜன் விட்டுவைக்கவில்லை. 1-இலிருந்து 7 வரை எல்லா எண்களையும் பெருக்கினால் 5040. இதைக் காரணீயப் பெருக்கம் என்பார்கள். அதோடு ஒன்றைக் கூட்டினால் 71-இன் வர்க்கம். இப்படி 4 வரை பெருக்கினால் 24, ஒன்றைக் கூட்ட 25, அது 5-இன் வர்க்கம். 5 வரை பெருக்கினால் 120, ஒன்றைக் கூட்ட 121, அது 11-இன் வர்க்கம். 4, 5, 7 தவிர வேறு எண்களுக்கும் இப்படி வருமா? பிரான்ஸின் ஆன்ரி புரோக்கார் 1876-இலேயே கேட்ட கேள்வி இது. அதை அறியாமல் 1913-இல் ராமானுஜன் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்குப் புதிராகப் போட்டார். கணினியால் பல கோடி எண்கள் வரை தேடியும் நான்காவது கிடைக்கவில்லை. இல்லவே இல்லை என்று நிறுவியவரும் கிடையாது.

ராமானுஜனுக்கு கேம்பிரிட்ஜ் 1916-இல் பட்டம் தந்தது பெரும்பாலும் இந்த மிகுபகு எண் ஆய்வுக்காகத்தான். ஆனால் அவரை கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்ட கணித அறிஞர் ஹார்டியே, கட்டுரையின் நுட்பத்தை வியந்து புகழ்ந்தாலும், அந்த ஆய்வு கணிதத்தின் முக்கியப் பாதைகளிலிருந்து சற்று விலகி நிற்பதாகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அன்றைய நிலையில் அந்த மதிப்பீடு நியாயமாகவே தோன்றியிருக்கும். காலம் அதை மாற்றி எழுதியது.

அது முதல் உலகப்போர்க் காலம். லண்டன் கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி. கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் போனது. கையெழுத்துப் பிரதி டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் தங்கிவிட்டது. அதில் ராமானுஜன் காரணிகளின் எண்ணிக்கையோடு நிற்காமல் அவற்றின் கூட்டுத்தொகையையும் எடுத்துக்கொண்டிருந்தார். ஓர் எண்ணின் காரணிகளை எல்லாம் கூட்டினால், அது அந்த எண்ணைப்போல அதிகபட்சம் எத்தனை மடங்கு வரும்? இதற்கு அவர் ஓர் உச்சவரம்பைக் கண்டார். ரீமான் கருதுகோள் உண்மையானால், போதுமான அளவு பெரிய எண்கள் எதுவும் அந்த வரம்பைத் தாண்டாது என்று காட்டினார். பகா எண்கள் எண்வரிசையில் எவ்வளவு ஒழுங்காகப் பரவியிருக்கின்றன என்பது பற்றி 1859-இல் பெர்னார்ட் ரீமான் வைத்த ஊகம் அது. இன்றுவரை நிறுவப்படவில்லை, கிளே கணித நிறுவனம் 2000-இல் அதற்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது.

அந்தப் பக்கங்கள் புதுதில்லியில் அச்சான நூலொன்றில் 1988-இல்தான் வெளியாயின. அதற்கு நான்கு ஆண்டுக்கு முன்பே, 1984-இல், பிரெஞ்சுக் கணித அறிஞர் கீ ரோபன் வேறு வழியாக வந்து இன்னும் கூர்மையான முடிவை நிறுவியிருந்தார். 5040-க்கு மேற்பட்ட ஒவ்வொரு எண்ணும் அந்த வரம்புக்குள் அடங்கினால் ரீமான் கருதுகோள் உண்மை. ஓர் எண்ணாவது மீறினால் பொய். எல்லைக்கல்லாக நிற்பது மீண்டும் 5040. கையெழுத்துப் பிரதியை 1997-இல் குறிப்புரையோடு பதிப்பித்தவர்களில் ரோபனும் ஒருவர்.

எண்களை வைத்தே பார்த்துவிடுவோம். 5040-இன் 60 காரணிகளையும் கூட்டினால் 19,344. அது 5040-ஐப்போல 3.838 மடங்கு. 5040-க்கு விதிக்கப்பட்ட வரம்பு 3.817. மயிரிழையில் மீறிவிட்டது. அதன் இரட்டிப்பான 10,080-ஐ எடுத்தால் கூட்டுத்தொகை 39,312, அதாவது 3.900 மடங்கு, வரம்பு 3.956. அடங்கிவிட்டது. ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட அந்த 29 ஆயிரம் கோடி எண்ணின் காரணிகளைக் கூட்டினால் 5.599 மடங்கு, வரம்பு 5.830. அதுவும் அடங்குகிறது. வரம்பு ஆமை வேகத்தில் உயர்கிறது, காரணிகளின் கூட்டுத்தொகை அதற்குக் கீழேயே துரத்திக்கொண்டு போகிறது. ஆனால் சில ஆயிரம் எண்களையோ சில கோடி எண்களையோ சோதித்தது நிரூபணமாகாது, எண்கள் முடிவதில்லை.

ஒரு கால்குலேட்டரும் ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் பத்தாம் வகுப்பு மாணவர்கூட 7560, 55440 போன்ற மிகுபகு எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரித்து இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். காஞ்சிபுரத்து ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு ஜக்கார்டு அட்டையை மேசைமேல் வைத்து இதைத் தொடங்கி வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். 5040-க்கு மேல் வரம்பை மீறும் ஓர் எண் கிடைத்தாலே ரீமான் கருதுகோள் அன்றோடு வீழ்ந்துவிடும். இன்றுவரை யாரும் அப்படி ஓர் எண்ணைக் காட்டவில்லை.